காம்பைப் பிடித்த கை

இமைக்காத விழியை வானவர்க்கும் வண்டினத்துக்கும் ஒன்றுபோல் அருளியவனே, மூன்று கண்ணால் இவ்வுலகைக் காத்து நிற்பவனே, திருநாவலூரில் கோயில் கொண்ட பெருமானே, உன் திருவடியை முதற்கண் வணங்கி என் மகனுக்கு இதை எழுதத் தொடங்குகிறேன். சொல்லில் பிழை நேராமல் காத்தருள்க. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் பிழைதான், அதிலிருந்தும் காத்தருள்க.

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. கோவையிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவின் கருமாதி முடிந்து நீ புறப்பட்டுப் போன பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம் இது. பயிர்ப் பூச்சிகளைப் படம் எடுக்கும் பொறுப்பை உன் அலுவலகத்தில் உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும், எந்த லென்ஸை வாங்கச் சொல்வது, எந்த அப்பெர்ச்சரில் எடுப்பது என்றும் கேட்டிருக்கிறாய். வேறொன்றும் எழுதவில்லை. வரும் புரட்டாசியில் அம்மாவுக்கு முதலாண்டுத் திதி. அதற்கு நீ வருவாயா, மாட்டாயா என்று கடிதத்தின் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். இல்லை. கேட்டதற்கு விடை சொல்கிறேன். கேட்காததை அதன் வழியே சொல்லிக்கொள்கிறேன்.

கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தும் ஒரு கண்ணாடி வில்லையாக இருக்கும். விலை குறைவு. படத்தின் நடுப்பகுதி தெளிவாக வரும். ஓரங்கள் நீர்பட்ட மைபோல் கரைந்துவிடும். அது வேண்டாம். அடுத்தது, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய். அதில் கண்ணாடியே கிடையாது. லென்ஸைத் தள்ளி நிறுத்துவதுதான் அதன் வேலை. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் அதே நீளத்துக்குக் குழாயை மாட்டினால், பூச்சி எந்த அளவோ அந்த அளவிலேயே ஃபிலிமில் விழும். ஆனால் ஒளி கால்பங்காகக் குறையும். பூச்சியின் மூச்சுப் படும் தொலைவுக்கு நீ போக வேண்டிவரும். மூன்றாவது வழி நான் கைக்கொண்டது: அதே ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைப் பின்முன்னாகத் திருப்பி மாட்டுவது. நம் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் கடிகாரமும் கேமராவும் பழுதுபார்க்கும் பாயை உனக்குத் தெரியும். அவர்தான் கடைசல் பட்டறையில் சொல்லி, லென்ஸைத் திருப்பி மாட்டுவதற்கான பித்தளை வளையத்தைச் செய்து தந்தார். அதை வாங்கப் போன அன்று உன் அம்மாவும் உடன் வந்திருந்தாள்.

"கல்யாணம் எடுத்தா காசு குடுப்பாங்க, சாப்பாடு போடுவாங்க. மாப்பிள்ளையும் சிரிச்ச மூஞ்சியா நிப்பாரு. இந்த வண்டு உங்களுக்கு இன்னாங்கய்யா குடுக்கும்?" என்றார் பாய்.

"சிரிக்காத மாப்பிள்ளையும் கீறாங்க பாய். எங்க கல்யாண போட்டோவ நீங்க பாத்ததில்லியே" என்றாள் உன் அம்மா.

பாய் வெகுநேரம் சிரித்தார். அந்தக் கல்யாணப் படத்தில் நான் விறைத்து நிற்கிறேன். அவள் தலையைக் குனிந்திருக்கிறாள். வகிடும் பூவும் தெரிகின்றன. முகம் தெரியாது. அன்று அதை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

திருப்பி மாட்டிய லென்ஸில் ஒரு தொல்லை உண்டு. கேமராவோடு அதற்குத் தொடர்பு அறுந்துபோவதால், ஒளி புகும் துவாரத்தைக் கையாலேயே மூட வேண்டும். திறந்துவைத்துக் குவியம் பார்த்து, பிறகு மூடுவதற்குள் பூச்சி நகர்ந்துவிடும். மூடிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரே இருட்டு. ஆகவே அலுவலகச் செலவில் வாங்குவதென்றால் சிறு பொருள்களை அருகிருந்து எடுக்கவென்றே செய்த நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸையே கேள். முழங்கைத் தொலைவில் நின்று எடுக்கலாம். உன் நிழல் பூச்சியின்மேல் விழாது. பிளாஷின் வெளிச்சம் போய்ச்சேர இடம் இருக்கும். இருநூறு மில்லிமீட்டரும் காட்டுவார்கள். எடை கூடுதல், கை நடுக்கமும் இரட்டிப்பாகத் தெரியும். பின்னாளில் பாய் எனக்கும் பழைய நூறு மில்லிமீட்டர் ஒன்றைத் தேடித் தந்தார். நான் சொல்லப்போகும் படம் அதில் எடுத்தது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளியில் நான் தமிழ் கற்பித்த ஆண்டுகளில்தான் இந்தப் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. விடிவதற்கும் வெயில் ஏறுவதற்கும் இடைப்பட்ட சிறு பொழுதில் பூச்சிகள் பனியில் நனைந்து, சிறகு கனத்து, காம்பைப் பற்றியபடி அசையாமல் இருக்கும். அதுதான் எடுக்கும் நேரம். ஆனால் அதுவே என் பூசை நேரமும். நீராடி, நீறு பூசி, விளக்கேற்றி, பதிகம் ஓதி முடித்து நான் சாமை வயலுக்குப் போய்ச்சேரும்போது வெயில் வந்திருக்கும், பூச்சிகள் போயிருக்கும். பூசையைச் சுருக்கவும் மனம் வரவில்லை. வெறும் காம்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நாள் உன் அம்மா சொன்னாள்: "பதிகத்த வழியிலயே ஓதிக்கினு போங்க. சாமி எங்கியும் போவமாட்டாரு. பூச்சிதான் போயிடும்." மறுநாள் முதல் அப்படியே செய்தேன். குனிந்து குவியம் பார்க்கையில் ஒரு வரியை ஓதி, அதன் முடிவில் மூச்சு அடங்கும் இடத்தில் பித்தானை அழுத்துவேன். உனக்கு எது மனப்பாடமோ அதைச் சொல். மூச்சு நிற்கும் இடம் உனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

உன் துறையில் பூச்சியை ஐஸ்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். செய்யாதே. அப்படி எடுத்த படத்தில் எல்லா உறுப்பும் இருக்கும். கால்கள் மட்டும் எதையும் பற்றியிராமல் வைத்த இடத்தில் கிடக்கும். பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இந்த ஓராண்டாக என்னைப் பார்ப்பவர்களுக்கும் தெரிகிறது போலும். பேச்சைச் சுருக்கிக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

இனி அப்பெர்ச்சர், அதாவது ஒளி புகும் அந்தத் துவாரத்தின் அளவு. எஃப் என்று குறிக்கும் எண் பெரிதானால் துவாரம் சிறிது; இதை நீ அறிவாய். பூச்சியின் அளவுக்கே படம் விழும்படி எடுக்கையில், எஃப் நான்கில் தெளிவாக வரும் பகுதி ஒரு விரல்நகத்தின் கனம்தான் இருக்கும். எஃப் பதினாறில் ஒரு நெல்மணியின் கனம். முன்னும் பின்னும் உள்ள மற்றதெல்லாம் மங்கிவிடும். தொடக்கத்தில் இது எனக்குப் பொறுக்கவில்லை. படைத்தவன் உணர்கொம்பு முதல் வால்நுனி வரை ஒன்றையும் மங்கலாகப் படைக்கவில்லையே, ஒரு பகுதியைக் காட்டி மறுபகுதியைக் கரைக்க நான் யார் என்று எண்ணினேன். அதனால் துவாரத்தை முடிந்த மட்டும் சுருக்கி, எஃப் முப்பத்திரண்டிலேயே எல்லாவற்றையும் எடுத்தேன். அதை ஒரு விரதம்போல் கடைப்பிடித்தேன். படங்களெல்லாம் ஒரே சோகையாக வந்தன. பாய் லென்ஸில் தூசி என்று நினைத்து அதைக் கழற்றித் துடைத்தார். உன் அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாந் தெரியுது. ஆனா ஒன்னுந் தெரியலியே" என்றாள்.

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. மிகச் சிறிய துவாரத்தில் நுழையும் ஒளி அதன் விளிம்பில் பட்டுச் சிதறுகிறது. தெளிவு பரவலாகிறது, கூர்மை எங்குமே இல்லாமல் போகிறது. அதனால் பூச்சியின் அளவுக்கே எடுக்கையில் எஃப் பதினொன்று முதல் பதினாறு வரை போதும். அதைவிடப் பெரிதாக்கினால் எஃப் எட்டோடு நிறுத்து. துவாரத்தைச் சுருக்குவதற்கு முன் உன்னைச் சற்று நகர்த்திப் பார்: பூச்சியின் உடல் ஃபிலிமுக்கு இணையாக இருக்கும்படி நின்றுகொண்டால், அந்த நெல்மணிக் கனத்துக்குள்ளேயே அதன் முழு நீளமும் அடங்கிவிடும். எப்படி நின்றாலும் கண் தெளிவாக இருக்கட்டும். பிளாஷை நேராக அடிக்காதே. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து அதன் முகத்தில் கட்டு.

பட்டாம்பூச்சி, வெட்டுக்கிளி போன்றவற்றைச் செடியோடு சேர்த்துச் சற்றே சிறிதாக எடுக்கும்போது பலரும் எஃப் நான்கு, ஐந்து புள்ளி ஆறு என்று திறந்துவைக்கச் சொல்வார்கள். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து, பூச்சி மட்டும் தனியே நிற்கும். நானும் அப்படித்தான் எடுத்தேன். மலைக்காற்றில் காம்பு ஆடும். ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். உன் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூச்சிக்கு ஒரு விரற்கடை பின்னால் காம்பைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றிக்கொள்வாள். "கையி வந்துடப் போவுதுங்க" என்று ஒவ்வொரு முறையும் எச்சரிப்பாள். "வராது" என்று துவாரத்தைத் திறந்துவைப்பேன். வராது. மஞ்சள் கலந்த பழுப்பாக ஒரு புகை மட்டும் பின்னால் நிற்கும். அந்தப் புகை அழகாக இருக்கிறதென்று நம் வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள், ஃபிலிமில் கடைசியாக ஒன்று மிஞ்சியபோது, உன்னையே எடுக்கட்டுமா என்று அவளைக் கேட்டேன். "என்னை எதுக்குங்க? நான் இங்கியேதான கீறேன்" என்று சொல்லி, எருக்கஞ்செடியில் இருந்த ஒரு வண்டைக் காட்டினாள். வண்டை எடுத்தேன். நல்ல படம்.

அவள் போன நாளைப் பற்றி நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. புளி உலர்த்திக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல் உச்சத்தில் இருந்த நேரம் அது. எல்லாச் சாலையிலும் மரங்கள் வெட்டுண்டு கிடந்தன. சாலை திறந்திருந்தாலும் அவளை எங்கும் கொண்டுபோயிருக்க முடியாது. இதை உறுதியாகச் சொல்கிறேன். இதில் உனக்கு ஐயம் வேண்டாம். மறியலில் நின்றவர்கள் நம் தெருப் பிள்ளைகள்தான். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குரிய பங்கைக் கேட்டு நின்றார்கள். தந்தி உனக்குத் தாமதமாகக் கிடைத்தது. பேருந்து ஆத்தூரோடு நின்றுவிட்டது. ஐஸ் வர வழியில்லாததால் உடலை வைத்திருக்க இயலவில்லை. உன் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். ஒரே மகன் செய்ய வேண்டிய கடன் அது என்பதை உன்னைவிட நான் அதிகம் அறிவேன். நீ நடந்தும், சைக்கிளில் தொற்றிக்கொண்டும், மரங்களைத் தாண்டியும் வந்துசேர்ந்தபோது பால் தெளித்து முடிந்திருந்தது. உன் வேட்டியில் மரப்பால் ஒட்டியிருந்தது. மறியலில் நின்ற ஒருவன், "அம்மாவா? போண்ணே, அந்தாண்ட மரக்கெளை இருக்குது, பாத்துத் தாண்டு" என்று உன் பையை வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தானென்று நீ சொன்னாய். அன்று நீ பேசியவற்றில் அமைதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு கருமாதிக்கு மாலை போட்டு வைக்க அம்மாவின் படம் கேட்டாய். தகரப் பெட்டிகளை இறக்கினேன். நீ ஒவ்வொரு உறையாகப் பிரித்தாய். தும்பி, கும்பிடுபூச்சி, பொன்வண்டு, எறும்பு.

"இத்தினி வருஷமா வூட்ல கேமரா இருந்துச்சி. அம்மா மூஞ்சி ஒன்னு இல்லியாப்பா?"

"அவதான் வேணாம்னா" என்றேன்.

"பூச்சி மட்டும் என்னை எடுன்னு வந்து சொல்லுச்சா?"

  கல்யாணப் படத்தை வைத்தே கருமாதியை முடித்தோம்; மாலை, குனிந்த தலைமேல் விழுந்தது. நீ மறுநாளே கிளம்பிவிட்டாய். நான் அழவில்லை என்று உறவினர்கள் பேசிக்கொண்டது உன் காதுக்கும் வந்திருக்கும். உண்மைதான். இன்று வரையிலும் அழுகை வரவில்லை. காலையில் விளக்கேற்றுகிறேன்; பதிகம் ஓதுகிறேன். சொற்கள் வரிசை மாறாமல் வந்து, வரிசை மாறாமல் போகின்றன. மூச்சு நிற்கும் இடத்தில் நிற்கிறது. கேமராவை அதன் பிறகு நான் தொடவில்லை.

நீ போன பிறகு அந்தப் பெட்டிகளை அடுக்கி வைக்கையில், பயனற்றவை என்று நான் கழித்துப்போட்ட படங்களின் உறை ஒன்று கையில் பட்டது. அதற்குள் ஒரு வெட்டுக்கிளிப் படம். அதற்கு முன் எறும்பு ஒன்றை எடுத்துவிட்டு, எஃப் பதினாறில் இருந்த துவாரத்தைத் திறக்க மறந்து எடுத்தது. பின்னணி கெட்டுவிட்டதென்று அன்று அதைக் கழித்திருக்கிறேன். சாமைக் காம்பில் பச்சை வெட்டுக்கிளி. அதன் பின்னால் புகை இல்லை. இரண்டு விரல்கள் இருக்கின்றன. சற்றே மென்மையாக, ஆனால் விரல்களாகவே இருக்கின்றன. மஞ்சள் ஏறிய விரல்ரேகை, மணிக்கட்டோரம் கண்ணாடி வளையலின் ஒரு வளைவு.

நெகட்டிவை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். அவர் துக்கம் கேட்டுவிட்டு, "அம்மா படம் எதுனா இருந்தா குடுங்கய்யா, மெட்ராஸ்ல குடுத்துப் பெருசு பண்ணித் தர்றேன்" என்றார். நெகட்டிவைக் கொடுத்தேன். விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். வேறு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "எவ்ளோ பெருசுங்க?" என்று மட்டும் கேட்டார். சில வாரம் கழித்துத்தான் படம் வந்தது. சட்டம் போட்டு, கூடத்தில் விளக்குக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

தியாகதுருகத்திலிருந்து உன் பெரியம்மா பொங்கலுக்கு வந்தாள். தங்கை படத்துக்குச் சாத்த மாலையோடு கூடத்துக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது? வெட்டுக்கிளிக்கா மாலை போட்டுக்கினு கீறீங்க? ஊரு சிரிக்காதா?"

 கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனாள். பிறகு முந்தானையால் படத்தைத் துடைத்தாள்.

"அவ கட்டைவெரலு. கரும்பு வெட்டுறப்ப அரிவா பட்டு நகம் கோணிப்போச்சி. நான்தான் வேட்டியக் கிழிச்சிக் கட்டுனேன். அழவே இல்ல கழுதை" என்றாள். அங்கேயே உட்கார்ந்து, உரத்து அழுதாள். அவள் அழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோணிய நகத்தை நான் பல்லாண்டுகள் லென்ஸின் வழியே பார்த்திருக்கிறேன். அது எப்படி நேர்ந்தது என்று அன்றுதான் அறிந்தேன்.

மகனே, நீ கேட்டதற்கு என் விடை இவ்வளவுதான்: லென்ஸ் நூறு மில்லிமீட்டர், அப்பெர்ச்சர் பதினொன்றிலிருந்து பதினாறு. காம்பு பிடிக்க மருமகளை அழைத்துப் போவாயானால், ஒவ்வொரு ஃபிலிமிலும் ஒன்றை அவளுக்கென்று ஒதுக்கு. வேண்டாம் என்று சொல்வாள். வேறொரு வண்டைக் காட்டுவாள். அந்த வண்டை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

புரட்டாசியில் வா. கொள்ளி வைக்கும் நேரம் போய்விட்டது. அதை யாராலும் திருப்பித் தர இயலாது. எள்ளும் நீரும் இறைக்கும் உரிமை உன்னுடையது. அதை வேறு எவரிடமும் நான் கொடுக்கப்போவதில்லை. நீ வராவிட்டால் அது செய்யப்படாமலே இருக்கும். சாலைகள் இவ்வாண்டு எப்படியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. நான்கு நாள் முன்னதாகவே புறப்படு. கூடத்தில் மாட்டியிருக்கும் படம் அம்மாவின் படமல்ல என்று உனக்குத் தோன்றினால் நீயே கழற்றிவிடு. நான் தடுக்க மாட்டேன்.

அந்த லென்ஸையும் எடுத்து வா. திதி முடிந்ததும் வெள்ளிமலைக்குப் போய்த் தங்குவோம். சாமை அப்போது கதிர் பிடித்திருக்கும். விடியலில் வயலில் இறங்குவோம். கேமராவை நீ வைத்துக்கொள். காம்பை நான் பிடித்துக்கொள்கிறேன். எனக்குக் குத்துக்காலிட்டு உட்காரப் பழக்கமில்லை. கையும் சற்று நடுங்குகிறது. பிளாஷ் வெளிச்சத்தில் அது தெரியாது. எந்த அப்பெர்ச்சர் என்று அன்று நான் சொல்ல மாட்டேன். என் கையைக் கரைத்துவிடுவதா, இருக்க விடுவதா என்பதை நீயே பார்த்து முடிவு செய்.

நீயும் மருமகளும் வழியெங்கும் காக்கப்படுவீர்களாக. உங்கள் இல்லத்து விளக்கு அணையாதிருக்கட்டும். அதன் ஒளிக்கு வந்து சேரும் சிற்றுயிர்களுக்கும் அங்கே தீங்கு நேராதிருக்கட்டும். இதை உன்னோடு சேர்ந்து எவர் படித்தாலும், அவர் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் அருகிருந்து கண்டு நெடுங்காலம் வாழ்வார்களாக. திருநாவலூர்ப் பெருமான் துணை நிற்க.

அப்பா